முந்திவிட்ட பொறி



சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்துகொண்டிருந்த வேளையில், நம் வாலிபர் கூட்டத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர் என்னிடம் வந்தார். அவர் ஒரு பழைய அம்பாசிடர் காரை வாங்கியிருக்கிறார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஆலய வளாகத்து வேப்பமரத்தடியில் அதை நிறுத்தித் துடைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். "ஐயா, உங்களுக்கு இந்த வண்டியெல்லாம் நல்லாத் தெரியுமாமே. டைமிங்கைக் கொஞ்சம் அட்வான்ஸ் பண்ணினா பிக்கப் வரும்னு சொல்றாங்க. நீங்களே வச்சுத் தர முடியுமா?" என்று கேட்டார். "பார்க்கலாம் தம்பி" என்று சொல்லிவிட்டு, யாரோ கூப்பிட்டது போல விலகி நடந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

இந்த வாரத் தியானத்துக்கென்று வேறொரு பகுதியை ஆயத்தம் செய்து வைத்திருந்தேன். அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கிறேன். அந்தத் தம்பியின் கேள்விக்கு நான் ஏன் நின்று பதில் சொல்லவில்லை என்பதை அவருக்கும் உங்களுக்கும் எழுதவேண்டிய கடன் எனக்கு இருக்கிறது. எழுதுவதற்கு முன், எழுதலாமா என்று ஒருவரிடம் அனுமதி கேட்கவேண்டியிருந்தது. அதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

இயந்திரங்களில் நாட்டமில்லாத சகோதரிகளும் முதியவர்களும் பொறுத்துக்கொள்ளவேண்டும். முதலில் டைமிங் என்றால் என்ன என்று சொல்லாவிட்டால் என் குற்றம் இன்னதென்று விளங்காது.

பெட்ரோல் எஞ்சினில் பிஸ்டன் மேலேறி, காற்றும் பெட்ரோல் ஆவியும் கலந்த கலவையை நெருக்குகிறது. நெருக்கப்பட்ட கலவையில் பிளக் ஒரு பொறியைப் போடுகிறது. கலவை எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அந்தத் தள்ளுதல்தான் வண்டியின் பலம். அப்படியானால் பிஸ்டன் உச்சிக்கு வந்தவுடன் பொறி விழவேண்டும் என்றுதானே தோன்றும்? எனக்கும் வாலிப வயதில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பொறி விழுந்த கணத்திலேயே கலவை முழுவதும் எரிந்துவிடுவதில்லை. பிளக்கின் முனையில் பிறந்த சுடர் அறை முழுவதும் பரவச் சில மில்லிவினாடிகளாவது வேண்டும். எஞ்சின் நிதானமாக, நிமிடத்துக்கு 750 சுற்று ஓடும்போது ஒரு சுற்றுக்கு 80 மில்லிவினாடி கிடைக்கிறது. 3000 சுற்றில் ஓடும்போது கிடைப்பது 20 மில்லிவினாடி மட்டுமே. ஆகையால் பிஸ்டன் உச்சியை எட்டுவதற்குச் சில பாகை முன்னதாகவே பொறி விழவேண்டும். வேகம் கூடக்கூட இன்னும் முன்னதாக விழவேண்டும். எரியும் கலவையின் அழுத்தம் அதன் உச்சத்தை எட்டும்போது பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சற்றே கீழிறங்கியிருந்தால் தள்ளுதல் முழுவதும் பயன்படும்.

ஊஞ்சலில் பிள்ளையை வைத்து ஆட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஊஞ்சல் நம்மை நோக்கி வந்து, நின்று, திரும்பத் தொடங்கும் நேரத்தில் தள்ளினால் சிறு விரலே போதும். திரும்பிப் போனபின் தள்ளினால் கை காற்றைத்தான் தள்ளும். நம்மை நோக்கி வந்துகொண்டிருக்கும்போதே தள்ளினால்? பிள்ளையின் பாரம் முழுவதும் நம் மணிக்கட்டின்மேல் விழும். இந்தக் கடைசி வகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்பாசிடர் போன்ற பழைய வண்டிகளில் இந்த நேரத்தைக் காப்பது டிஸ்ட்ரிபியூட்டர் என்னும் சிறு உருளை. எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றினால் இதன் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். உள்ளே பாயிண்ட் என்று மெக்கானிக்குகள் சொல்லுகிற இரண்டு சிறு உலோக முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். தண்டில் உள்ள நான்கு மேடுகளில் ஒன்று வந்து அவற்றைப் பிரிக்கும் அந்தக் கணத்தில், காயிலில் ஓடிக்கொண்டிருந்த பன்னிரண்டு வோல்ட் மின்சாரம் அறுந்து, பல ஆயிரம் வோல்ட்டாக மாறிப் பிளக்குக்குப் பாயும். ரோட்டார் அதை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற வரிசையில் நான்கு பிளக்குகளுக்கும் பங்கிடும். 3000 சுற்றில் இது வினாடிக்கு நூறு தடவை நடக்கிறது. வேகத்துக்கேற்பப் பொறியை முன்தள்ளுவதற்கு இரண்டு எடைக்கட்டிகளும் ஸ்பிரிங்குகளும் உள்ளே இருக்கின்றன. பாரத்துக்கேற்ப மாற்றுவதற்குக் கார்புரேட்டரிலிருந்து வரும் ஒரு மெல்லிய வேக்குவம் குழாய் இருக்கிறது. மனிதன் செய்யவேண்டியது ஒன்றே: ஆரம்பநிலை எதுவென்று தீர்மானித்து, உருளையை அந்த இடத்தில் நிறுத்தி, அடியில் இருக்கும் போல்ட்டை இறுக்குவது. அதைத்தான் டைமிங் வைப்பது என்கிறோம்.

இந்த முறையை வடிவமைத்தவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். அவரே 1912ஆம் ஆண்டு காடிலாக் வண்டிக்கு மின்சார ஸ்டார்ட்டரையும் உருவாக்கிக் கொடுத்தார். அதற்கு முன்பு கைப்பிடியால் எஞ்சினைச் சுற்றித்தான் வண்டியைக் கிளப்பவேண்டும். ஸ்டார்ட்டர் வந்து பல பத்தாண்டுகள் ஆன பின்னும் அம்பாசிடரின் முன்புறத்தில் கைப்பிடி நுழைக்க ஓர் ஓட்டை இருந்தது. டிக்கியில் அந்த வளைந்த இரும்புக் கைப்பிடி ஸ்டெப்னியோடு கிடக்கும். நான் சொல்லப்போகும் காரியம் அந்தக் கைப்பிடியினால் வந்தது. இல்லை, என்னால் வந்தது.

1993ஆம் ஆண்டு, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் ஒரு சேகரத்தில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். ஆறு சிறிய கிராமச் சபைகள். அவற்றோடு, செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டிப் புனலூர் போகும் வழியில், ரப்பர் தோட்டங்களில் வேலைசெய்த நம் ஜனங்கள் கூடிய ஒரு சிறு சபையும் என் பொறுப்பில் இருந்தது. மாதம் இரண்டு முறை அங்கே போகவேண்டும். சேகரத்துக்கென்று 1489 சிசி எஞ்சின் பொருத்திய ஒரு பழைய அம்பாசிடர் இருந்தது. ஓட்டுநர் கிடையாது, நானே ஓட்டுவேன். மெக்கானிக்குக்குக் கொடுக்கவும் பணம் கிடையாது. சிறு வேலைகளை நானே பார்ப்பேன். அதில் எனக்குச் சற்றுப் பெருமையும் உண்டு. ஐயருக்கு வேதமும் தெரியும், வண்டியும் தெரியும் என்று ஜனங்கள் பேசிக்கொள்வது என் காதில் விழும்போதெல்லாம் இனித்தது.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் வண்டி மலையேற மறுத்தது. இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் முதல் கியர் கேட்டது. எஞ்சின் சூடானது. பெட்ரோல் மிகுதியாகக் குடித்தது. தென்காசியில் லாரி ஓட்டும் நண்பர் ஒருவர், "டைமிங்கைக் கொஞ்சம் அட்வான்ஸ் பண்ணிப் பாருங்க" என்றார். பிரியமானவர்களே, அவர் சொன்னது பொய்யல்ல. டைமிங் பின்தங்கினால் வண்டிக்கு இந்த வியாதிகள் எல்லாம் வரும். ஆனால் அது ஏன் பின்தங்கியது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

போல்ட்டைத் தளர்த்தி, உருளையைக் கையால் நூலளவு திருப்பினேன். டிஸ்ட்ரிபியூட்டரில் ஒரு பாகை என்றால் எஞ்சினில் இரண்டு பாகை. கண்ணுக்குத் தெரியாத அந்த அசைவுக்கு வண்டி உடனே இணங்கியது. அடுத்த நாள் கணவாய் ஏறும்போது புது வண்டி போல ஏறியது. எனக்கு எவ்வளவு சந்தோஷம்! வீட்டுக்கு வந்து, இவ்வளவுக்கே இவ்வளவு பலன் என்றால் இன்னும் கொஞ்சம் திருப்பினால் என்ன என்று நினைத்தேன். திருப்பினேன்.

பலன் கண்ட மனம் அளவை மறந்துவிடுகிறது. என் ஜெப வாழ்விலும் உபவாசத்திலும் கூட இதைக் கண்டிருக்கிறேன். அதை வேறொரு நாள் பேசலாம்.

இரண்டு வாரம் கழித்து, எண்ணெய் மாற்றும்போது டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து பார்த்தேன். பாயிண்ட் இடைவெளி ஏறக்குறைய மூடிக்கிடந்தது. மேட்டில் உராயும் பகுதி நாளடைவில் தேய்ந்துபோய், முனைகள் போதுமான அளவு பிரியாமலிருந்தன. கையேட்டில் சொன்னபடி சுமார் 0.4 மில்லிமீட்டருக்கு இடைவெளியைச் சரிசெய்து, மூடியைப் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டேன். நல்ல வேலை செய்தேன் என்றுதான் எண்ணினேன்.

இங்கேதான் என் அறியாமை முழுமையாயிற்று. இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும்; டைமிங் பின்தங்கும். என் வண்டியின் வியாதிக்கு மூலகாரணம் அதுவே. நானோ காரணத்தைத் தொடாமல் உருளையைத் திருப்பி அதைச் சரிக்கட்டினேன். போதாதென்று இன்னும் கொஞ்சம் திருப்பினேன். இப்போது இடைவெளியைச் சரிசெய்தபோது, பாயிண்ட் முன்பைவிடச் சீக்கிரம் திறக்கத் தொடங்கியது. தேய்மானத்தால் போயிருந்த பாகைகள் திரும்பி வந்து, நான் கூட்டியிருந்த பாகைகளோடு சேர்ந்துகொண்டன. முதலில் இடைவெளி, அதன்பின் டைமிங். இடைவெளியைத் தொட்டால் டைமிங்கை மறுபடி பார்த்தே ஆகவேண்டும். எந்த ஒர்க்ஷாப்பிலும் எடுபிடிப் பையனுக்குத் தெரிந்த இந்த வரிசை, வண்டி தெரியும் என்று பேரெடுத்த எனக்குத் தெரியவில்லை.

வண்டி எனக்குச் சொல்லத்தான் செய்தது. மலையில் ஆக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சினுக்குள் யாரோ சில்லறைக் காசைக் குலுக்குவது போலக் கலகலவென்று ஒரு சத்தம். என் மனைவி, "இது என்ன புதுச் சத்தம்?" என்று கேட்டாள். "பெட்ரோல் சரியில்லை" என்றேன். எஞ்சின் சூடாயிருக்கும்போது சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் அரைச் சுற்றுச் சுற்றி, ஏதோ தடுத்தாற்போல் நின்று, திரும்ப முயலும். "பேட்டரி வீக்" என்றேன். முதல் சத்தத்துக்கு நாக்கிங் என்று பேர். கலவை காலத்துக்கு முன் எரிந்து கட்டுக்கடங்காமல் வெடிக்கும் சத்தம். இரண்டாவது, மேலேறும் பிஸ்டனைப் பொறி முந்திக்கொண்டு கீழே தள்ளுவது. இரண்டும் ஒரே காரணத்தைச் சொல்லின. நான் இரண்டுக்கும் வெவ்வேறு காரணம் கற்பித்தேன். இரண்டிலும் குற்றம் வேறொன்றின்மேல் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸுக்கு முந்தின இரண்டாம் ஞாயிறு. விடியற்காலை ஐந்தரை மணிக்கு ரப்பர் தோட்டத்துச் சபைக்குப் புறப்பட்டேன். உதவிக்கு நம் சபையில் தச்சு வேலை செய்துவந்த ஒரு சகோதரர் வந்திருந்தார். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயதிருக்கும். கையில் பிறந்து நான்கு மாதமான குழந்தை. அங்கே ஆலயக் கதவின் கீல் பெயர்ந்திருந்தது. ஆராதனைக்கு முன்னதாக அதைச் சரிசெய்து கொடுக்கச் சம்மதித்து, உளிப்பையோடு வந்திருந்தார். சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் வழக்கம்போல் தடுமாறி நின்றது. மூன்று முறை. "நான் சுத்துறேன் ஐயா" என்று அவர் இறங்கிப் போய், டிக்கியிலிருந்து கைப்பிடியை எடுத்து நுழைத்தார். நான் உள்ளே உட்கார்ந்து சாவியைப் போட்டேன்.

ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் டப்பென்று ஒரு சத்தம். வண்டி ஒருமுறை குலுங்கி அடங்கியது. முகப்பு விளக்கின் ஒளியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். சத்தமே போடவில்லை. மணிக்கட்டுக்கு மேலே கை ஒரு மாதிரியாகத் திரும்பியிருந்தது.

கைப்பிடியால் சுற்றும்போது எஞ்சின் எவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது என்று எண்ணிப்பாருங்கள். வினாடிக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால் ஒரு பாகைக்கே ஏறக்குறைய 2.8 மில்லிவினாடி கிடைக்கிறது. பொறி அளவுக்கு மிஞ்சி முந்தி விழுந்தால், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குள் கலவை முழுவதும் எரிந்து முடிந்து, அத்தனை பலத்தோடும் பிஸ்டனை வந்த வழியே திருப்பி அடிக்கும். கைப்பிடியும் திரும்பி அடிக்கும். ரிட்டன் அடிப்பது என்பார்கள். மோட்டார் வந்த தொடக்க காலத்தில் ஓட்டுநர்களுக்கு இப்படி மணிக்கட்டு முறிவது வழக்கமாயிருந்ததால், மருத்துவர்கள் அந்த முறிவு ஒன்றுக்கு ஓட்டுநர் முறிவு என்றே பெயரிட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்து ஃபோர்டு டி மாடலில் ஸ்டீயரிங்குக்கு இடதுபுறம் ஒரு நெம்புகோல் உண்டு. கைப்பிடியைச் சுற்றுமுன் அதைத் தள்ளிப் பொறியைப் பிந்தவைக்கவேண்டும். மறந்தவர்களின் கை போயிற்று.

அரசு மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் கையை அசைக்கக்கூடாது என்றார்கள். கூடி நின்றவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "கட்டைவிரலை எங்கே வச்சிருந்த?" கைப்பிடி சுற்றுவதற்கு ஒரு முறை உண்டு. கட்டைவிரலை மடக்கிப் பிடியைச் சுற்றிப் பிடிக்கக்கூடாது. மற்ற நான்கு விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்து, கீழிருந்து மேலாக இழுக்கவேண்டும். அப்போதுதான் திரும்பி அடித்தால் விரல்கள் விரிந்து பிடி நழுவிப்போகும். அவர் சரியாகத்தான் பிடித்தேன் என்றார். பின்பு, பலரும் திரும்பத் திரும்பக் கேட்டபோது, "இருட்டுல தெரியலை, தப்பாப் பிடிச்சிருப்பேன் போல" என்றார். நான் அருகில் நின்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில் எனக்குக் காரணம் நிச்சயமாகத் தெரியாது என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அது உண்மையல்ல. சத்தம் கேட்ட மறுகணமே என் மனம் அந்தப் போல்ட்டுக்குத்தான் போயிற்று.

நாலாம் நாள் வண்டியைத் தென்காசியில் ஒரு பெரியவரின் ஒர்க்ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன். எல்லாரும் அவரைப் பாய் என்றே அழைப்பார்கள். பேட்டரியைச் சோதித்தார், நன்றாகவே இருந்தது. மேலும் ஒன்றும் கேட்காமல் தன் வேலையைத் தொடங்கினார். அவர் செய்ததை நான் இன்னும் மறக்கவில்லை. மூடியைக் கழற்றி, தகடு வைத்துப் பாயிண்ட் இடைவெளியை அளந்தார். வண்டியை டாப் கியரில் போட்டு மெல்லத் தள்ளச் சொல்லி, முதல் சிலிண்டர் நெருக்கத்துக்கு வருவதைப் பார்த்துக்கொண்டார். முன்பக்கம் குனிந்து, புல்லியில் உள்ள வெட்டுக்குறி டைமிங் கவரின் முள்ளுக்கு நேரே வரும்படி நிறுத்தினார். இரண்டு ஒயர் பற்றவைத்த ஒரு சிறு பல்பை எடுத்து, ஒன்றைக் காயிலிலிருந்து ஒயர் வரும் டிஸ்ட்ரிபியூட்டர் முனையிலும் மற்றதைப் பாடியிலும் மாட்டி, சாவியைப் போட்டார். பாயிண்ட் மூடியிருக்கும்வரை பல்பு எரியாது. திறந்த கணத்தில் எரியும். அந்தக் கணமே பொறி விழும் கணம். பல்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. அவர் வண்டியைப் பின்னுக்குத் தள்ளச் சொன்னார். பின்னும் கொஞ்சம். பின்னும் கொஞ்சம். பல்பு அணைந்தபோது புல்லியின் வெட்டுக்குறி முள்ளைவிட்டு வெகுதூரம் போயிருந்தது.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "யார் வச்ச டைமிங் ஐயா?"

"நான்தான்."

"சுத்தினவருக்குக் கட்டைவிரல் இருக்கா?"

இருக்கிறது என்றேன். மணிக்கட்டு மட்டும் முறிந்தது என்றேன். "அப்போ பிடி தெரிஞ்ச ஆளு. கட்டைவிரலைச் சுத்திப் பிடிச்சிருந்தா விரலே போயிருக்கும். பிடி நழுவி, திரும்பி வந்து அடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். உருளையை ரோட்டார் சுழலும் திசையிலேயே சிறிது சிறிதாகத் திருப்பி, குறி நேர்ப்படும் இடத்தில் பல்பு பளிச்சிடும்படி நிறுத்தி, போல்ட்டை இறுக்கினார். பிறகு சாலையில் ஓட்டி, டாப் கியரில் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலேட்டரை முழுவதும் மிதித்து, காதைச் சாய்த்துக் கேட்டார். மெல்லியதாக இரண்டு தட்டுச் சத்தம் வந்து மறைந்தது. "இவ்வளவு போதும். இதுக்கு மேல கேட்கக்கூடாது" என்றார். வண்டி என் முதல் திருப்பலில் ஏறியது போலவே ஏறியது. அதிகமாகத் திருப்பியதில் எனக்குக் கிடைத்த கூடுதல் பலம் என்று ஒன்று இருந்ததேயில்லை.

அங்கிருந்து நேரே அந்தச் சகோதரரின் வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். போகவில்லை. கிறிஸ்துமஸ் வேலைகள் என்றேன். கிறிஸ்துமஸ் முடிந்தது, புத்தாண்டு உடன்படிக்கை ஆராதனை என்றேன். அந்த நாட்களில் பொறுமையைக் குறித்தும், வருகைக்குக் காத்திருத்தலைக் குறித்தும் ஆறு சபைகளிலும் பிரசங்கித்தேன். சேகரத்தின் தரும நிதியிலிருந்து அவர் வீட்டுக்கு அரிசியும் பணமும் அனுப்பினேன். கடனைத் தருமமாக மாற்றிக் கொடுத்தேன் என்று இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

ஜனவரி இரண்டாம் வாரத்தில் ஒரு சாயங்காலம் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் இருந்தார். அவர் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நிலைப்படியில் நின்றார். போல்ட்டைத் தளர்த்தியது முதல் பாய் சொன்னது வரை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். சொல்லி முடித்தபின் வெகுநேரம் அவர் பேசவில்லை. கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். பரவாயில்லை ஐயா என்பார் என்றும் ஒரு மூலையில் ஆசைப்பட்டேன். அவர் இரண்டையும் செய்யவில்லை.

"அப்போ நான் பிடிச்சது சரிதானா?" என்று கேட்டார்.

சரிதான் என்றேன். பாய் சொன்னதைத் திரும்பச் சொன்னேன். அவர் தன் இடதுகையை நீட்டி, இல்லாத கைப்பிடி ஒன்றைப் பிடிப்பது போலக் கட்டைவிரலை நான்கு விரல்களோடு ஒட்டி வைத்துப் பார்த்தார். "ஒரு மாசமா ராத்திரியில இதையேதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். என் கை எனக்கே பொய் சொல்லிட்டுதேன்னு" என்றார். அப்போதுதான் அவர் மனைவி அழுதார்.

பிரியமானவர்களே, ஆறு வாரக் கூலியை நான் அவருக்குக் கடன்பட்டிருந்தேன் என்றுதான் கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். உளி பிடித்துப் பிழைக்கும் ஒருவன் தன் கையை நம்ப முடியாமல் ஒரு மாதம் படுத்திருந்தான் என்பது என் கணக்கில் வரவேயில்லை. கைப்பிடி முறித்தது எலும்பை. மற்றதை முறித்தது நான் மருத்துவமனையில் காத்த மௌனம்.

அடுத்த இரண்டு ஞாயிறும் அவர் ஆராதனைக்கு வரவில்லை. மூன்றாம் ஞாயிறு வந்து, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காராமல், கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கூலியை என் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கொடுத்துத் தீர்த்தேன், எண்ணி வாங்கிக்கொண்டார். அது எனக்கு ஆறுதலாயிருந்தது. கட்டு அவிழ்த்தபின் கை முழுவதும் திரும்பவில்லை. திருப்புளியை வலதுகையால் முறுக்க முடியாமல் இடதுகைக்குப் பழகிக்கொண்டார். என்னை மன்னித்ததாக அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. நான் அந்தச் சேகரத்தைவிட்டு மாற்றலாகிப் போன அன்று சாமான்களை லாரியில் ஏற்ற வந்து, என் புத்தக அலமாரியின் ஆடிக்கொண்டிருந்த காலுக்கு ஆப்பு வைத்துக் கொடுத்தார். அந்த அலமாரி இன்றும் குருமனையில் இருக்கிறது. வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள்.

இப்போது வரும் வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் கிடையாது. நாக்கிங் சத்தத்தைக் கேட்கவே ஒரு சென்சார் இருக்கிறது. கம்ப்யூட்டர் கேட்டவுடனே பொறியைப் பின்தள்ளிவிடும், பெட்ரோல்மேல் பழி போடாது. உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தியும் 2014ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனாலும் நம் தம்பியின் வேப்பமரத்து வண்டியில் அந்த உருளையும் அந்தப் போல்ட்டும் அப்படியே இருக்கின்றன.

புதன்கிழமை இரவு கோயம்புத்தூருக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அந்தச் சகோதரர் இப்போது மகனோடு அங்கே இருக்கிறார். அன்று நான்கு மாதக் குழந்தையாயிருந்த அதே மகன். நலம் விசாரித்தபின், இதை எழுதலாமா என்று கேட்டேன். எதற்காக என்று கேட்டார். தம்பியைப் பற்றிச் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "எழுதுங்க ஐயா. பேர் போடவேண்டாம். கட்டைவிரலைச் சரியாத்தான் வச்சிருந்தேன்னு மட்டும் மறக்காம எழுதுங்க" என்றார். பிறகு, "அந்தத் தம்பி வண்டியில கைப்பிடி இருக்கா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். "இருந்தா, டைமிங் பார்க்கிற வரைக்கும் அதை வாங்கி உங்க வீட்டுல வச்சுக்கோங்க" என்றார்.

தம்பி, சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வண்டியைக் குருமனைக்குக் கொண்டுவாருங்கள். இடைவெளி அளக்கும் தகடும் பன்னிரண்டு வோல்ட் பல்பு ஒன்றும் என்னிடம் இருக்கின்றன. நீங்கள் திருப்புங்கள்; நான் பல்பைப் பிடித்துக்கொள்ளுகிறேன். கைப்பிடி இருந்தால் அதையும் எடுத்துவாருங்கள்.